எட்டு வீட்டுக்கும் கேட்ட பாடம்

பொன்னுமணி படிக்க உக்காந்துட்டான்னா அந்த லயத்துல ஒரு மனுசன் நிம்மதியாக் கஞ்சி குடிக்க முடியாது. சும்மா சொல்லல, நானே கேட்டிருக்கேன். லயம்னா ஏலத்தோட்டத்துல வேலை பாக்குற ஆளுகளுக்கு வரிசையாக் கட்டி விட்ட எட்டு வீடு. எட்டுக்கும் சேத்து ஒரே தகரக் கூரை. வீட்டுக்கு வீடு நடுவுல சுவரு இருக்கு, ஆனா ஆளு உசரத்தோட நின்னு போச்சு. அதுக்கு மேல கூரை வரைக்கும் வெறும் வெளி. மொத வீட்டுல மொளகாயைத் தாளிச்சா எட்டாம் வீட்டுக்காரன் தும்முவான். அப்பேர்ப்பட்ட எடத்துல ஒரு பிள்ளை தொண்டையைத் தெறந்து, "தாவர செல்லுக்கும் விலங்கு செல்லுக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை"ன்னு கத்துனா எப்படி இருக்கும்?

மனசுக்குள்ள படிக்கிறது அவளுக்கு வராது. வாயில சொல்லி, காதுல கேட்டாத்தான் மண்டையில ஏறும். ஒரு வரியை ஒம்பது தடவை சொல்லுவா. கேக்குறவனுக்குக் கிறுகிறுன்னு வரும்.

என் பேரு ஜக்கையன். போடிக்கும் மலை உச்சியில இருக்கிற மெட்டுக்கும் ஜீப்பு ஓட்டுனவன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பிள்ளையை மேல கொண்டுபோயி லயத்துல விடுறதும், திங்கக்கிழமை விடியக் கீழ எறக்குறதும் ரெண்டு வருசம் என் சோலி. வார நாள்ல அவ கீழ சிலமலைங்கிற ஊருல சித்தி வீட்டுல இருந்து, போடிப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்சுல போவா. அவ அப்பன் காசிராஜன் தோட்டத்து ஸ்டோர்ல தீப்போடுற ஆளு. பறிச்ச பச்சைக்காயைத் தட்டுல பரப்பி அடுக்கி, அறையைச் சாத்தி, விறகு எரிச்சுச் சூடு காமிச்சுக் காய வைக்கிற கட்டடத்தைத்தான் ஸ்டோருன்னு சொல்றது. ஆத்தா மாயக்காள் காய் எடுக்கிறவ. ஏலச்செடி வேருல, தரையோட தரையாக் கெடக்கும் காயி. நாள் முழுக்கக் குனிஞ்சே எடுக்கணும். அட்டை கடிக்கும். காயோட பாலு பட்டுப்பட்டு வெரலெல்லாம் தார் பூசுன மாதிரி கறுத்துப் போயிரும், சீயக்காய் போட்டாலும் போகாது.

"எங் கை எம்மகளுக்கு வேணாம் தம்பி" என்பா மாயக்காள். அவ்வளவுதான் அவ ஆசை.

பக்கத்து வீடு சுருளியம்மாளோடது. அந்தப் பொம்பளை வாயிருக்கே, மலையடியில முந்தல் செக்போஸ்ட்டுல திறந்தா மெட்டுல கேக்கும். பொன்னுமணி படிக்க ஆரம்பிச்சதும் கரண்டியை எடுத்துச் சுவருல தட்டுவா.

"அடியே, ஒங்க வாத்தியாரு செவிடாடி? எதுக்குடி இந்தக் கத்து கத்துற?"

"பரீட்சை பெரியாத்தா!"

"பரீட்சை ஒனக்கா எனக்கா? எங்காதுல எதுக்குடி எழுதுற?"

அவ புருசன் கன்னையன் செத்து அப்பவே பன்னெண்டு வருசம். செத்த கதை மலைக்கே தெரியும். காலையில கொழம்புல உப்பு இல்லைன்னு அந்த மனுசன் சொல்லப்போக, "போ, போய்த் தொலை, திரும்பி வராத"ன்னு இவ சொல்லியிருக்கா. தெனமும் சொல்றதுதான். அன்னைக்கு மட்டும் அந்த ஆளு திரும்பி வரல. உச்சிப்பொழுதுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரு செடி மூட்டுல சாஞ்சவரு சாஞ்சவருதான். "இவ வாயிதான்யா அவனைத் தின்னுருச்சு"ன்னு எழவு வீட்டுலயே பேசுனாக. சுருளியம்மாள் அதை மறுத்து ஒரு வார்த்தை பேசல. ஊரு உலகத்துக்கே பதில் சொல்ற பொம்பளை, இதுக்கு மட்டும் பதில் சொல்லல.

இந்தப் படிப்பு என்ன படிப்புன்னு எங்க யாருக்கும் வெளங்கல. எழுவத்தெட்டுலதான் பழைய பதினொண்ணாங் கிளாசை எடுத்துட்டு, பத்துக்கு மேல ரெண்டு வருசம்னு புதுசாக் கொண்டாந்தாக. நம்ம பிள்ளை மொத செட்டு.

"பாப்பா, இது பள்ளிக்கூடமா காலேசா?"

"பிளஸ் டூண்ணே. ரெண்டுக்கும் நடுவுல."

"நடுவுலன்னா? மலை ரோட்டுல ஒம்பதாம் வளைவு மாதிரியா? ஏறுனது பாதி, ஏற வேண்டியது பாதி?"

"அப்படித்தான்ணே. பாஸானா மேல. இல்லைன்னா சித்திரையில தோட்டத்துல பேரு பதிஞ்சிருவாக. கூடைதான்."

சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. எனக்குத்தான் சிரிப்பு வரல.

மொத செட்டுங்கிறதுல ஒரு தொந்தரவு. முன்னாடி எழுதுன அக்கா இல்ல, அண்ணன் இல்ல. பழைய கேள்வித்தாளு இல்ல. யாருகிட்டப் போயி, "எப்படிக் கேட்டாக, எதை விட்டாக"ன்னு கேக்குறது? அவகிட்டச் சொந்தமா இருந்த புத்தகமே ரெண்டு. மத்ததெல்லாம் கூடப் படிக்கிற பிள்ளைககிட்ட வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை எரவல் வாங்கி, மை பேனாவால நோட்டுல பாத்து எழுதுனது. வாத்தியாரு சொன்னதும் அதுல. பதினாலு நோட்டு. அந்தப் பதினாலு நோட்டுதான் அவ பரீட்சை.

மாசி பிறந்ததும் சோத்துப் பசையைத் தடவிச் சுவருல ஒரு தாளு ஒட்டுனா. கட்டம் கட்டமாக் கோடு போட்டுத் தேதி எழுதியிருந்தது. கட்டத்துக்குள்ள "முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று"ன்னு இருந்தது.

"என்ன பாப்பா இது, காய் எடுப்பு மாதிரி?"

"அதேதாண்ணே. அம்மா ஒரே நாள்ல எல்லாக் காயையுமா எடுக்குது? மொதச் சுத்துல வெளைஞ்சதை மட்டும் எடுக்கும், பிஞ்சை விட்டுரும். நாப்பது நாள் கழிச்சு அதே செடிக்கு வரும். நானும் மொதச் சுத்துல வர்றதை மட்டும் படிப்பேன். வராததை அடுத்த சுத்துக்கு விட்டுருவேன். பிஞ்சைப் பிச்சா செடிதான் நாசமாப் போகும்."

பதினேழு வயசுப் பிள்ளைக்கு என்ன திட்டம் பாருங்க. நான் இன்னைக்கு வரைக்கும் டீசல் தீர்ந்த பெறகுதான் டீசலைப் பத்தி நெனைக்கிறவன்.

இனிமே சொல்லப்போறது என் பவுசு. ஜீப்புக்கு மேல போட்டிருந்த படுதா ஆறு மாசமாக் கிழிஞ்சு கெடந்தது. இன்னைக்குத் தைப்போம், நாளைக்குத் தைப்போம்னு விட்டுட்டேன். மாசியில எவன் மழையை எதிர்பார்ப்பான்? படிப்பு லீவு விட்டாச்சுன்னு அந்தப் பிள்ளை பதினாலு நோட்டையும் ரெண்டு புத்தகத்தையும் துண்டுல கட்டி எடுத்துக்கிட்டு ஜீப்புல ஏறுனா. பின்னாடி லோடு, ஆளு, கோழி, எல்லாம். முந்தலைத் தாண்டி நாலாவது வளைவுல பிடிச்சது பாருங்க மழை, கண்ணு தெரியல. கிழிசல் இருந்த எடத்துக்கு நேர் கீழதான் அந்த மூட்டை இருந்திருக்கு.

லயத்துல போயிப் பிரிச்சா நோட்டு ஓரமெல்லாம் நனைஞ்சு ஊறியிருந்தது. நடுவுல ஒண்ணும் ஆகல, எழுத்து நல்லாத்தான் இருந்தது. ஆனா மேல பனியும் சாரலுமா இருக்கிற எடம், துணியே நாலு நாளாக் காயாது. அப்பத்தான் நான் வாயைத் தெறந்தேன். சுருளியம்மாள் வாயைச் சொல்றேனே, என் வாயி என்ன வாயி?

"மதினி, எதுக்கு யோசனை? ஸ்டோரு இருக்கில்ல. பச்சைக்காயே காயுது, பேப்பரு காயாதா?"

மாயக்காளுக்கு அது நல்ல யோசனையாப் பட்டிருக்கு. மறுநாள் காலையில ஸ்டோர்ல பழைய காயை எறக்கி முடிச்சாச்சு, அறை காலி, வெதுவெதுன்னு காஞ்ச சூடு. காசிராஜன் விறகு எடுக்கப் போயிருந்த நேரம் அவ போயி, எல்லாத் தட்டுக்கும் மேல, உத்தரத்துல நோட்டையும் புத்தகத்தையும் விரிச்சு வச்சிட்டு, சாயங்காலம் வந்து எடுத்துக்கலாம்னு காய் எடுக்கப் போயிட்டா. புருசங்கிட்டச் சொல்லணும்னு அவளுக்குத் தோணல. அதுல என்ன இருக்குன்னு நெனைச்சுட்டா.

ஸ்டோரு வேலை தெரிஞ்சவனுக்குத்தான் அதுல என்ன இருக்குன்னு தெரியும். பச்சைக்காயை ஏத்துன ஒடனே ஜன்னலையெல்லாம் அடைச்சிருவாக. மொத மூணு நாலு மணி நேரம் காயி வேர்க்கும். அறை முழுக்க ஆவி, இட்லிக் கொப்பரை மாதிரி சொட்டும். அப்புறந்தான் ஜன்னலைத் தெறந்து ஆவியை வெளிய விட்டு, காஞ்ச சூடு ஏத்துவாக. அன்னைக்குப் பத்து மணிக்கே ஒரு லோடு பச்சைக்காய் வந்துருச்சு. காசிராஜன் தட்டுல பரப்புனாரு, அடுக்குனாரு, ஜன்னலைச் சாத்துனாரு, தீயை மூட்டுனாரு. இருவது வருசமாச் செய்யிற வேலை. அண்ணாந்து பாக்கல.

மூணு மணிக்கு ஜன்னலைத் தெறந்து ஆவி அடங்குனதும், மேல் தட்டுக் காயெல்லாம் நீல நிறமாயிருக்கேன்னு பாத்திருக்காரு. எதோ நோவுன்னு நெனைச்சு ஏணி போட்டு ஏறிப் பாத்தா, பதினாலு நோட்டு. மை அத்தனையும் கரைஞ்சு ஓடிச் சொட்டுது. ரெண்டு புத்தகமும் ஒட்டி, கட்டியாப் போச்சு.

நான் சாயங்காலம் லோடு ஏத்தப் போனப்ப அந்த மனுசன் ஸ்டோர் வாசல்ல உக்காந்திருந்தாரு. கையில ஒரு நோட்டு. பக்கத்தைப் புரட்டுறாரு, நீலம். அடுத்த பக்கம், நீலம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எங்கேயாவது ஒரு எழுத்து மிஞ்சியிருக்கான்னு தேடுறாரு.

"அண்ணே..." ன்னேன்.

"எங்கையால வச்சேன் ஜக்கையா தீயை" ன்னாரு. மறுபடி பக்கத்தைப் புரட்டுனாரு. யோசனை சொன்ன என்னை ரெண்டு அறை அறைஞ்சிருந்தா எனக்கு நிம்மதி.

வீட்டுல மாயக்காள் தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. "படிக்காத சிறுக்கி நான், எனக்கு எதுக்குடி அந்த நோட்டைத் தொடுற வேலை! இன்னும் இருவத்தி ரெண்டே நாளு!"

பொன்னுமணி அழல. சுவருல ஒட்டுன தாளைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. கூடப் படிக்கிற பிள்ளைககிட்ட வாங்கலாம்ல பாப்பான்னு கேட்டேன். "அவுகளும் இப்ப அதை வச்சுத்தானண்ணே படிக்கணும். யாரு குடுப்பா?" ன்னா. அதுவும் நெசந்தான். தமிழும் இங்கிலீசும் தேவாரம் ஊருப் பிள்ளை ஒருத்தி ரெண்டு நாளைக்குக் குடுத்தா. மத்த நாலு பாடத்துக்கு நாதி இல்ல.

மூணு நாள் அந்த லயத்துல படிப்புச் சத்தமே இல்ல. எல்லாரும் ஆசைப்பட்ட அமைதி வந்துருச்சு. ஆனா ஒருத்தருக்கும் சோறு எறங்கல. எழவு வீடு மாதிரி இருக்குன்னு எட்டாம் வீட்டு ராமுத்தாயி எங்கிட்டயே சொன்னா.

நாலாம் நாள் வெளக்கு வைக்கிற நேரம். நான் கட்டங்காப்பி குடிச்சுக்கிட்டு மாயக்காள் வீட்டு வாசப்படியில குத்தவச்சிருந்தேன். பொன்னுமணி புது நோட்டு ஒண்ணை மடியில வச்சுக்கிட்டு, ஞாபகம் இருக்கிறதையாவது எழுதுவோம்னு ஆரம்பிச்சா. வாயில சொன்னாத்தான் அவளுக்கு வரும். சன்னமாச் சொன்னா.

"இதயம் நான்கு அறைகளைக் கொண்டது. மேலே இரண்டு ஆரிக்கிள்கள், கீழே இரண்டு வெண்ட்ரிக்கிள்கள். உடலின் அசுத்த இரத்தம்... அசுத்த இரத்தம்..."

நின்னு போச்சு. மறுபடி ஆரம்பிச்சா. மறுபடி அதே எடத்துல நின்னுச்சு. பேனாவைக் கீழ போட்டுட்டா.

சுவருக்கு அந்தப் பக்கத்துல இருந்து ஒரு கொரலு.

"மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை வழியாக வலது ஆரிக்கிளை அடைகிறது."

மாயக்காள் அடுப்புல இருந்த கையை அப்படியே வச்சுக்கிட்டு அண்ணாந்து பாக்குறா. அந்தக் கொரலு நிக்கல. கொழம்பைக் கிண்டுற சத்தமும் கேக்குது, கூடவே பாடமும் வருது.

"அங்கிருந்து வலது வெண்ட்ரிக்கிள். வலது வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது நுரையீரல் தமனி வழியாக நுரையீரலுக்குச் செல்கிறது. எழுதுடி, எதுக்குடி முழிக்கிற? நுரையீரல்ல சுத்தமாகி இடது ஆரிக்கிளுக்கு வருது."

சுருளியம்மாள்! தன் பேரைக்கூட எழுதத் தெரியாம, ரேகை வச்சு அரிசி வாங்குற பொம்பளை. கரண்டியால தட்டித் தட்டி ஏசுனவ. தேங்காய் ஒடச்ச மாதிரி ஒவ்வொரு சொல்லும் சுத்தமா வந்து விழுகுது. பொன்னுமணி பேனாவை எடுத்தவ விடாம எழுதுறா. கடைசியில அந்தப் பொம்பளை கொரலு கொஞ்சம் எறங்குச்சு.

"இதயத் தசைகளுக்கே இரத்தம் கொண்டு செல்பவை கரோனரித் தமனிகள். இதில் அடைப்பு ஏற்பட்டால் மாரடைப்பு உண்டாகிறது." கொழம்பைக் கிண்டுறது நின்னு போச்சு. "அவ்வளவுதாண்டி அந்தப் பாடம்."

"பெரியாத்தா! ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியுமா? ரெண்டு வருசமா எம் மண்டையில ஆணி அடிச்சுப்புட்டு எப்படித் தெரியுமாம்!"

அதுக்குள்ள மூணாம் வீட்டுல இருந்து அமாவாசைங்கிறவன் கொரல் கொடுக்குறான். தோட்டத்துக்கு மருந்தடிக்கிறவன், பூச்சின்னா உசுரு. "பாப்பா, கரப்பான் பூச்சிக்கு மூணு சோடிக் காலு, தலை, மார்பு, வயிறு. அதுக்கு ரத்தம் செவப்பு இல்ல, வெள்ளை. அந்தப் பாடம் எங்கிட்ட இருக்கு. அடிக்கிறதுக்கு முன்னால அதுக்கு எங்க மூச்சுன்னு தெரியணும்லன்னு கேட்டு வச்சேன். மூச்சு வயித்துப் பக்கத்துல ஓட்டை ஓட்டையா இருக்கு, கேட்டியா?"

"பூவுல மகரந்தம் சேருறது எங்கிட்ட இருக்குடி!" ராமுத்தாயி எட்டாம் வீட்டுல இருந்து கத்துறா. "நாம தெனமும் பாக்குற தேனீதான!"

பயமும் சந்தோசமுமா ஒண்ணு எனக்குள்ள ஏறுச்சு, அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எட்டு வீட்டு இருட்டுல இருந்தும் பாடம் வருது. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத சனம். ஏசிக்கிட்டும் முணங்கிக்கிட்டும் அம்புட்டையும் உள்ள வாங்கி வச்சிருக்கு. அவகவகளுக்கு எது ஒட்டுச்சோ அது. கோயில்ல சாமி வந்து எறங்கும்போது நிப்போம்ல, அப்படி நான் காப்பித் தம்ளரோட எந்திரிச்சு நின்னுட்டேன்.

காசிராஜன் மட்டும் வாசல்ல தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தாரு. அந்த நாலு நாளா அவரு மகளை நேருக்கு நேரு பாக்கல. பொன்னுமணி கந்தக அமிலம் தயாரிக்கிறதை எழுதிக்கிட்டிருந்தா. "கந்தக டை ஆக்சைடையும் காற்றையும் வனேடியம் பென்டாக்சைடின் மேல்... எத்தனை டிகிரி? ஐயோ, எத்தனை டிகிரி?"

லயத்துல ஒருத்தருக்கும் தெரியல.

"நானூத்தம்பது" ன்னாரு காசிராஜன், தலையை நிமித்தாமலே. "நானூத்தம்பது டிகிரி. நீ மொத மொத அதைப் படிச்சப்பவே நெனைச்சேன். நம்ம ஸ்டோர்ல நூத்தியிருவதுக்கே காயி வேர்த்து ஊத்துது. நானூத்தம்பதுக்குத் தீப்போடுறவன் எப்பேர்ப்பட்ட ஆளா இருப்பான்னு நெனைச்சேன்."

"அப்பா, அம்மோனியாவுக்கு?"

"அதுக்கு ஐநூறு. இரும்பு போடணும். எரநூறு பங்கு அமுக்கம்."

சூட்டுக் கணக்கு எங்கெங்க வருதோ அங்கெல்லாம் அவரு சொன்னாரு. ஒண்ணு தப்பல. அப்பத்தான் அந்தப் பிள்ளை அழுதா. நோட்டு போனப்ப அழாதவ, அப்பன் காலைக் கட்டிக்கிட்டு அழுதா. "ஏய், எழுதுடி, எழுதுடி, தாளு நனைஞ்சிரும்"ன்னு அவரு பதறுறாரு.

அதுக்கப்புறம் லயத்துல நடந்ததைப் பாத்திருக்கணும். மாயக்காள் சுவருத் தாளைக் கிழிச்சுப்போட்டுட்டுப் புதுசு ஒட்டச் சொன்னா. இப்பக் கட்டத்துல பாடத்துப் பேரு இல்ல, ஆளு பேரு. திங்கக்கிழமை சுருளியம்மாள் வீடு, செவ்வாக்கிழமை அமாவாசை வீடு. அவக தோட்ட வேலை முடிஞ்சு வந்ததும் பிள்ளை போயி உக்காந்து, அவக சொல்லச் சொல்ல எழுதுவா. ஒரு வீட்டுல கப்பக்கெழங்கு, ஒரு வீட்டுல கருவாட்டுக் கொழம்பு, வர்ற பிள்ளைக்குச் சோறு போடாம பாடம் சொல்றதில்ல. பகல்ல காய் எடுக்கும்போதும் பொம்பளைக சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டாக. ஒருத்தி விட்டதை ஒருத்தி எடுத்துக் குடுத்தா. குனிஞ்ச தலை நிமிராம, கறுத்த வெரலு காயைக் கிள்ளிக் கூடையில போட, "ஒளிச்சேர்க்கை இலையின் பச்சையத்தில் நடைபெறுகிறது"ன்னு அந்தச் சரிவு முழுக்கக் கேக்கும். கங்காணி ஒருநாள், "என்ன எல்லாருக்கும் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" ன்னான். "ஆமா, ஒனக்கும் வேணுமா, நாக்குக்குக் கீழ ரெண்டு சுரப்பி இருக்கு, தெரியுமா?" ன்னா சுருளியம்மாள். அவன் அடுத்த சரிவைப் பாத்து நடையைக் கட்டிட்டான்.

பன்னெண்டு நோட்டு நெறைஞ்சது. எல்லாரும் குடுத்தாச்சு. ஒரு பாடம் மட்டும் ஆப்பிடல. மரபுன்னு ஒண்ணு, மெண்டல்னு ஒரு வெள்ளைக்காரச் சாமியாரு கண்டுபிடிச்சதாம். லயத்துல அதை யாருமே கேட்டதில்ல. "பெரிய கேள்விண்ணே. கட்டாயம் கேப்பாக"ன்னு நகத்தைக் கடிச்சா.

குடுக்காத ஆளு நான் ஒருத்தந்தான். கெடுத்தவனும் நான்தான். படுதாவைத் தச்சுட்டேன், தச்சு என்ன செய்ய?

பரீட்சைக்கு முந்துன நாள் அவளைக் கீழ எறக்குனேன். முன் சீட்டுல அவ, மடியில நோட்டு. பின்னாடி ஏழெட்டு ஆளு, ரெண்டு மூட்டை. மெட்டுல இருந்து எறங்க வளைவுகளை நான் வாய்விட்டு எண்ணுவேன். ஆளுக்கொரு கணக்குச் சொல்லுவாக, என் கணக்கு பதினேழு. பதினேழு, பதினாறு, பதினஞ்சுன்னு வந்துக்கிட்டிருக்கேன். பன்னெண்டாவதுல ஸ்டியரிங்கை ஒடிக்கிறப்ப என் வாயில, "பட்டாணிச் செடி" ன்னு வந்துச்சு.

எனக்கே புரியல. என்னடா இது பட்டாணின்னு நெனைச்சுக்கிட்டே பதினொண்ணுல ஒடிச்சேன். "நெட்டையையும் குட்டையையும் கலந்தா முதல் தலைமுறையில எல்லாம் நெட்டை."

பொன்னுமணி என்னையே பாக்குறா. "அண்ணே! சொல்லுங்கண்ணே! அது ஐப்பசி மாசம், திங்கக்கிழமை, மழையில, ஜீப்புலதான் படிச்சேன்! நீங்ககூட, 'வாயை மூடு பாப்பா, ரோடு தெரியல'ன்னு ஏசுனீங்க!"

"பேசாத, பேசுனா போயிரும்" ன்னேன். பத்தாவது வளைவு. "குட்டை அழிஞ்சு போகல, ஒளிஞ்சிருக்கு. ரெண்டாம் தலைமுறையில மூணு நெட்டை, ஒரு குட்டை." கை ஒடிக்க ஒடிக்க வாயில வருது. ஒம்பதாவது வளைவு. "ஒம்பது, மூணு, மூணு, ஒண்ணு!"

வளைவுக்கு வளைவு இருந்திருக்கு. அவ ஐப்பசியில அந்தந்த எடத்துல கத்துனது, நான் ஏசிக்கிட்டே ஒடிச்சது, எல்லாம் எங்கையில இருந்திருக்கு. ஆறாவது வளைவுல ஜீப்பை ஓரங்கட்டி நிப்பாட்டுனேன். பானட்டு மேல நோட்டை வச்சு அவ எழுதுனா. "என்ன டிரைவரே, வெரசாப் போகணும்ல" ன்னான் பின்னாடி ஒருத்தன். "எறங்கி நடடா, வேணும்னா" ன்னேன். என் கண்ணுல தண்ணி. சந்தோசம்யா, வேற என்ன?

பரீட்சை அத்தனை நாளும் சவாரியை விட்டுட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்புல இருந்த புளியமரத்துக்கு அடியில நின்னேன். மலையில சுருளியம்மாள் எல்லாருக்கும் உத்தரவு போட்டிருந்தா. பத்து மணிக்குப் பிள்ளை பேனாவை எடுப்பா, அந்த நேரம் எல்லாரும் அவகவக பாடத்தை ஒருதரம் சொல்லணும்னு. அம்புட்டு தூரத்துக்குக் கேக்குமாக்கும்னு நான் கேலி பண்ணுனேன். பத்து மணிக்கு மணி அடிச்சதும் பாத்தா நானும் புளியமரத்துக்கிட்ட, "ஒம்பது மூணு மூணு ஒண்ணு" ன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்.

முடிவு வந்த அன்னைக்குப் போடியில பேப்பரைப் பாத்துட்டு, சவாரியே ஏத்தாம ஒத்தையா மேல ஏறுனேன். லயத்துக்கு நாலு திருப்பம் முன்னாடியே ஆரனை அமுக்கிக்கிட்டுப் போனேன். எட்டு வீடும் வாசல்ல நிக்குது. பேப்பர்ல நம்பரைக் காமிச்சேன். காசிராஜன் வெரலை வச்சு அந்த நம்பரைத் தடவிக்கிட்டே இருந்தாரு. மாயக்காள் மக கையைப் பிடிச்சு, திருப்பித் திருப்பிப் பாத்தா. மை பட்ட கையி. அந்தக் கறை அவளுக்குப் பிடிச்சிருந்தது.

சுருளியம்மாள் கூட்டத்தை வெலக்கிக்கிட்டு வந்தா.

"ஏண்டி, இம்புட்டு நாளாக் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். எம்பாடம் வந்துச்சா? இருதயம் கேட்டாகளா?"

பொன்னுமணி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. கரப்பான் பூச்சி வந்திருந்தது, கந்தக அமிலம் வந்திருந்தது, என் மெண்டல்கூடப் பத்து மார்க்குக்கு வந்திருந்தாரு. "வரல பெரியாத்தா. அது ஒண்ணுதான் கேக்கல. நீங்க சங்கடப்படுவீங்கன்னு நான் சொல்லல."

எல்லாரும் சுருளியம்மாள் மூஞ்சியைப் பாக்குறோம், இப்ப ஏசப்போறான்னு. அவ ஏசல. முந்தானையை எடுத்து வாயைத் தொடைச்சுக்கிட்டா.

"கேக்கலைன்னா போகுதுடி. அடைப்பு வந்துதான் சாகுறதுன்னு நீ படிச்சியே, அதுல எங்கயாவது பொண்டாட்டி ஏசுனதைப் பத்திப் போட்டிருந்துச்சா?"

"இல்ல பெரியாத்தா. எங்கயுமே இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"நானே எழுதுனேன், நீங்க சொல்லச் சொல்ல. அதுல அப்படி ஒண்ணும் இல்ல."

"அப்பச் சரி" ன்னா. "பன்னெண்டு வருசமா எனக்கு யாரும் சொல்லல." அப்படியே வாசப்படியில உக்காந்துட்டா. அப்புறம் எந்திரிச்சு, பிள்ளைக்குப் பாயாசம் வைக்கணும், வெல்லம் யாரு வீட்டுல இருக்குன்னு கத்துனா. எட்டு வீட்டுக்கும் கேட்டுச்சு.